ரேடியேட்டரில் மூன்று நாளைக்கு ஒருமுறை காற்று எடுக்கிறேன், மறுபடியும் வந்துவிடுகிறது

வடக்கறை எழுதியது:

லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு. ரேடியேட்டர் ஒன்பது: மாடியில் 4, கீழே 5. பாய்லர் சமையலறையில். சுடுநீர்ச் சிலிண்டரும், ரேடியேட்டர்களுக்குச் சுடுநீரைச் சுற்றவிடும் பம்பும் மாடி அலமாரிக்குள். பரணில் பெரிய தொட்டி ஒன்று, சின்னத் தொட்டி ஒன்று. காம்பி பாய்லர் (தொட்டியோ சிலிண்டரோ இல்லாத மூடிய வகை) அல்ல, அழுத்தமானி எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் கேட்ட எல்லோரும் "அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது?" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

அக்டோபர் கடைசி வாரத்தில் பம்ப் நின்றுபோனது. ஒருவரைக் கூப்பிட்டோம். தண்ணீரை வடித்து, புதிய பம்பைப் பொருத்தி, அரை நாளில் முடித்துவிட்டுப் போனார். அன்றிரவு வீடு நன்றாகவே சூடாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அம்மா, "சுவருக்குள் யாரோ வாய் கொப்பளிக்கிறார்கள்" என்றார். போய்க் கேட்டால் உண்மைதான். பம்ப் ஓடத் தொடங்கும் அந்த நிமிடத்தில் கொடகொடவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. அம்மாவின் அறை வடக்குப் பார்த்த பின்னறை. அங்கே ரேடியேட்டரின் கீழ்ப்பாதி சுடுகிறது, மேல்பாதி பச்சைத் தண்ணீராகக் கிடக்கிறது. அதன் காற்றுத் திருகில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று போனது, தண்ணீர் எட்டிப்பார்த்தது, மூடினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் கொப்பளிப்பு.

தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டியில், காற்று எடுத்த நாள்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டு வருகிறேன். ஆறு வாரத்தில் 14 சுழி. ஏகாதசியையும் பிரதோஷத்தையும் சேர்த்தால்கூட இத்தனை வரவில்லை.

நான் கவனித்தவை: மாடியில் மட்டும்தான் இந்தத் தொல்லை. அம்மாவின் அறையும் குளியலறையும் மோசம். கீழே எல்லாம் சூடாகிறது. காற்றுக்குப் பின்னால் வரும் தண்ணீர் பேனா மைபோலக் கறுப்பு. எங்கும் ஒழுக்கு இல்லை, கூரையில் கறை இல்லை, கம்பளம் காய்ந்தே இருக்கிறது (நான் துணியில் பிடிக்கத் தவறிய ஒரு கறுப்பு வட்டத்தைத் தவிர, அது வேறு வழக்கு). போன வாரம் நடந்ததுதான் விசித்திரம். சூடேற்றி ஓடிக்கொண்டிருந்தபோது சாவியைத் திருப்பினேன். உஸ் சத்தம் வந்தது, ஆனால் காற்று வெளியே வரவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன்: உள்ளே இழுத்தது.

பம்ப் போட்டவர் இரண்டு முறை வந்து, என்னைப் போலவே காற்று எடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை, "முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுக் காம்பி போடுவோம்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு ஊரில் ஒரு கிணறு வெட்டி, காணிக்கு மதிலும் கட்டலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகவில்லையே, காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது?

லூட்டன் தம்பி எழுதியது:

அண்ணா, சூடேற்றி ஓடும்போது காற்று எடுக்கவே கூடாது. அணைத்து, ஆறவிட்டு, கீழ்மாடியில் தொடங்கி மேலே போங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

இதோடு என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். எங்களுடையது காம்பி. வாரத்துக்கு ஒருமுறை அழுத்தம் 0.5க்கு இறங்கிவிடுகிறது. நான் நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். இதுவும் காற்றுதானா?

பழைய பம்ப்காரர் எழுதியது:

லூட்டன் தம்பிக்கு முதலில் இரண்டு வரி. உமது கதை வேறு. ஆறிய நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) இருக்க வேண்டும். வாராவாரம் இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாயின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்து, மறுநாள் பாரும். பையில் தண்ணீர் இருந்தால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்க பாய்லருக்குள் இருக்கும் விரிவுக் கலனில் காற்று இறங்கியிருக்கக்கூடும். சூடாகும்போது 3 பார் தாண்டி, பாதுகாப்பு வால்வு கக்குகிறது. அதற்குப் பதிவு பெற்ற ஆளைக் கூப்பிடும். நிரப்பிக்கொண்டே இருப்பது மருந்தல்ல. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனையும் உள்ளே விடுகிறீர்.

இனி வடக்கறைக்கு.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இதே வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வாடிக்கையாளர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் "காற்றை எடுத்துவிடுங்கள்" என்பார்கள். எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்தான் கேட்பார்.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்களுக்கு மிளகாய்த் தோட்டம் இருந்தது. அப்பாவின் மண்ணெண்ணெய்ப் பம்ப் கிணற்றடியில் நிற்கும். சில நாள் இயந்திரம் ஓடும், தண்ணீர் வராது. காற்றுப் பிடித்துவிட்டது என்று வாளியால் நீர் ஊற்றுவோம், கொஞ்சம் இறைக்கும், மறுபடியும் நிற்கும். குழாயில் ஒழுக்கே தெரியாது. அப்பா உறிஞ்சும் பக்கத்துக் குழாய் முழுக்கச் சவர்க்கார நுரை பூசுவார். ஓரிடத்தில் நுரை உள்ளே இழுபடும். ஊசித் துளைதான். தள்ளும் பக்கத்தில் துளை இருந்தால் தண்ணீர் பீறிடும், ஊருக்கே தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால் ஒரு சொட்டும் சிந்தாது, காற்றை மட்டும் குடிக்கும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் அந்தத் துளை வேண்டுமென்றே வைத்த துளை.

பரணில் சின்னத் தொட்டிக்கு மேலே கொக்கிபோல் வளைந்து, வாய் திறந்து நிற்கும் குழாய் ஒன்று இருக்கும். பாய்லர் கட்டுக்கடங்காமல் கொதித்தால் ஆவி போக வழி அது. அதே தொட்டியின் அடியிலிருந்து இன்னொரு குழாய் இறங்கிப் போகும். அது ஊட்டுக் குழாய். குறைந்த தண்ணீரை நிரப்புவதும், சூட்டில் விரியும் தண்ணீரைத் திருப்பி வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. பாய்லரிலிருந்து வரும் குழாயில் முதலில் ஆவிக்குழாய், அதற்கு 15 சென்டிமீட்டருக்குள் ஊட்டுக் குழாய், அதற்குப் பிறகு பம்ப். இந்த வரிசை மாறக் கூடாது. ஊட்டுக் குழாய் சேரும் இடத்தில், பம்ப் என்ன ஆட்டம் போட்டாலும் தொட்டியின் உயரம் கொடுக்கும் அழுத்தமே நிற்கும். மற்ற இடங்களிலெல்லாம் ஏறும், இறங்கும். அங்கே மட்டும் அசையாது. முளையில் கட்டிய மாடு மாதிரி. ஊட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால் முளை பிடுங்கிக்கொண்டது. பம்ப் இழுக்கிறது, தொட்டியிலிருந்து தண்ணீர் வரவில்லை, திறந்திருக்கும் ஒரே வாய் ஆவிக்குழாய். அதன் வழியாகப் பரணில் உள்ள காற்றைக் குடிக்கிறது. அந்தக் காற்று போய்த் தங்கும் இடம் மாடி ரேடியேட்டரின் உச்சி.

அடைப்பு எதனால்? உங்கள் கறுப்பு மை. இரும்பு ரேடியேட்டர் உள்ளே அரிக்கப்படும்போது மேக்னடைட் என்ற கறுப்புத் தூள் உண்டாகிறது. பம்ப் மாற்ற வந்தவர் தண்ணீரை வடித்து மறுபடி நிரப்பியபோது, அடியில் படுத்திருந்த சேறு கிளம்பியிருக்கும். அது போய் உட்காரும் இடம் அநேகமாக ஊட்டுக் குழாய் சேரும் டீ இணைப்பு (T எழுத்துபோல் மூன்று வாயுள்ளது). நான் அறுத்துப் பார்த்தவற்றில் பென்சில் நுனி நுழையாத டீக்களும் உண்டு. புதிய பம்பை 3ஆம் வேகத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தால், இழுப்பும் கூடியிருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். எல்லாம் ஆறிய பிறகு, பம்ப் அணைந்திருக்கும்போது, கீழ்மாடி வடிகுழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடியுங்கள். பரணில் ஒருவர் நின்று சின்னத் தொட்டியைப் பார்க்கட்டும். மட்டம் இறங்கி மிதவை வால்வு திறக்க வேண்டும். அசையாவிட்டால் அடைப்புதான். அடுத்து, அதே ஆறிய நிலையில், ஆவிக்குழாயின் வாய் நனையும்படி ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கீழே இருப்பவரைப் பம்பைப் போடச் சொல்லுங்கள். கோப்பைத் தண்ணீர் மேலே இழுபட்டால் சந்தேகமே வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள். கடைசியாக, அலமாரிக்குள் அந்த டீயைச் சுற்றிக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால், ஒட்டுவது குழாயில் அல்ல, உள்ளே இருக்கும் சேற்றில்.

அந்தக் கறுப்பு அரிப்பு ஹைட்ரஜன் வாயுவையும் விடும். அதனால் வருவது காற்றா ஹைட்ரஜனா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்கச் சொல்வார்கள். அம்மாவின் அறையில் கார்த்திகை விளக்கீடு வேண்டாம். உள்ளே இழுத்ததை உங்கள் விரலே சொல்லிவிட்டது.

முடிவு தெரியும்வரை பாய்லரை ஓட்டாதீர்கள். ஊட்டும் அடைத்து, ஆவிக்குழாயும் அடைத்துக்கொண்டால் விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

வடக்கறை எழுதியது:

ஐயா, சனிக்கிழமை மூன்றையும் செய்தோம்.

வாளி: 10 லிட்டர் பிடித்தேன். பரணில் டார்ச்சோடு நின்ற மகன், "தொட்டியில் ஓர் அலைகூட இல்லை அப்பா" என்றான். மிதவை பக்கத்தில் செத்துக் கிடந்த குளவி ஒன்று இடம் மாறவில்லையாம். அதுவே சாட்சி.

கோப்பை: மனைவி பிடித்தார். கீழிருந்து நான் பம்பைப் போட்ட மறுகணம் மேலே ஒரு கூச்சல். பாதிக் கோப்பையைக் குழாய் குடித்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள், "இதற்குத்தானா ஆறு வாரம் சாவியோடு அலைந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

காந்தம்: குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த நல்லூர்க் கோபுரக் காந்தத்தைத்தான் முதலில் எடுத்துப் போனேன். எல்லா இடத்திலும் வழுக்கி விழுந்தது. உங்கள் கணிப்புப் பிழை என்று எழுத உட்கார்ந்தும்விட்டேன். மகன் பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்து அதன் காந்தத்தைக் கொண்டுவந்தான். குழாயில் மேலும் கீழும் ஒட்டவில்லை. டீயிலும், அதற்கு மேலே நாலு விரல் நீளத்துக்கும் பிடித்துக்கொண்டு நின்றது. கையை எடுத்தும் விழவில்லை.

பாய்லரை அணைத்துவிட்டேன். குளிக்க, சிலிண்டரில் உள்ள மின்சூடேற்றி போதும். அம்மாவுக்கு எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் ஒன்று வாங்கிவந்தோம். "இது கொப்பளிக்கவில்லையே" என்று சந்தேகமாகப் பார்க்கிறார்.

அடுத்து என்ன?

பழைய பம்ப்காரர் எழுதியது:

உங்கள் மகனின் ஒலிபெருக்கிக் காந்தத்துக்கு ஒரு சபாஷ். மெல்லிய அலங்காரக் காந்தங்களால் செம்பைத் தாண்டிப் பிடிக்க முடியாது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

டீயை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். கம்பியை விட்டுக் குடைந்து பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். குடைந்தால் ஒரு துளை விழும், ஒரு மாதத்தில் மூடிக்கொள்ளும். மேலே உள்ள நாலு விரல் நீளத்தையும் சேர்த்தே வெட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். இது தண்ணீர்ப் பக்கத்து வேலை. கை பழகியவர் செய்யலாம், இல்லாவிட்டால் சாதாரண பிளம்பர் போதும். பாய்லரின் எரிவாயுப் பக்கத்தைத் தொடுவதற்குத்தான் சட்டப்படி 'கேஸ் சேஃப்' பதிவு வேண்டும்.

மிதவை வால்வின் கையை ஒரு கட்டையில் கட்டி, மாடிக் காற்றுத் திருகுகளைத் திறந்துவைத்து, முழுவதையும் வடியுங்கள். அப்படியே பரணுக்குப் போய்ச் சின்னத் தொட்டியின் அடியையும் பாருங்கள். வண்டல் இருக்கும், வழித்தெடுங்கள். இல்லாவிட்டால் அதுவே அடுத்த அடைப்பு. டீ மாறிய பிறகு சுத்தம் செய்யும் மருந்தை ஊற்றி, அதன் டப்பாவில் சொன்ன காலம் ஓடவிட்டு, தண்ணீர் தெளியும்வரை வடித்து நிரப்பி வடியுங்கள். கடைசி நிரப்பில் அரிப்புத் தடுப்பு மருந்து. சென்டினல், ஃபெர்னாக்ஸ் இரண்டில் எதுவானாலும் சரி. ஒன்பது ரேடியேட்டர் வீட்டுக்கு அநேகமாக ஒரு லிட்டர் போதும். கை வைத்ததோடு, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றையும் போடச் சொல்லுங்கள்.

நிரப்புவதில் அவசரம் கூடாது. பம்ப் அணைந்தே இருக்கட்டும். கீழே உள்ளவற்றில் முதலில் காற்று எடுத்து, பிறகு மேலே. தொட்டியை விளிம்புவரை நிரப்ப விடாதீர்கள். 100 லிட்டர் தண்ணீர் 80 டிகிரிக்குப் போனால் சுமார் 3 லிட்டர் கூடுகிறது. அந்த மூன்றுக்கு இடம் வேண்டும். பம்பை 2இல் வைத்துத் தொடங்குங்கள். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூட்டில் பிரிந்து வரும், அதனால் முதல் ஒரு வாரம் இரண்டு மூன்று சுழி விழுந்தால் பதற வேண்டாம். சுழிகளுக்கு இடையே உள்ள நாள்கள் கூடிக்கொண்டே போக வேண்டும். அதுதான் கணக்கு.

குறட்டைப் பூனை எழுதியது:

நான் இந்தத் தொழில்காரி இல்லை. போன வருடம் கையைச் சுட்டுக்கொண்டவள், அவ்வளவுதான். வடக்கறை அண்ணா, உங்கள் வீட்டில் பின்னால் நீட்டிக் கட்டிய பகுதி உண்டா? அங்கே தரை காங்கிரீட்டா? அப்படியானால் அந்த ரேடியேட்டருக்குக் குழாய் மாடியிலிருந்து சுவர் வழியாக இறங்கி வந்து, திரும்ப ஏறிப் போகும். முழுவதும் வடித்து நிரப்பிய பிறகு எங்களுக்கு எல்லாம் சூடானது, அது மட்டும் கல். அதன் திருகைத் திறந்தால் தண்ணீர்தான் வருகிறது, காற்றே இல்லை. காற்று இருந்தது ரேடியேட்டரில் அல்ல, இறங்கும் குழாயின் தலைப்பில். கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

மற்ற எல்லா ரேடியேட்டரையும் இரண்டு பக்கமும் மூடி, பம்பை முழு வேகத்தில் வைத்து, அதை மட்டும் ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் ஒரு பெரிய ஏப்பம் விட்டுச் சூடானது. மூடும்போது, ரேடியேட்டரின் ஒரு பக்கத்தில் மூடி போட்டிருக்கும், ஓட்டத்தைச் சமன்படுத்தும் வால்வு ஒவ்வொன்றையும் எத்தனை சுற்றுத் திருகினீர்கள் என்று எழுதிவையுங்கள். நான் எழுதவில்லை. கூடம் பாலைவனமாகவும் படுக்கையறை கொடைக்கானலாகவும் ஒரு மாதம் இருந்தோம்.

பழைய பம்ப்காரர் எழுதியது:

இந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு. இறங்கும் காலில் காற்று, ஏறும் காலில் தண்ணீர் என்றால், அந்தத் தண்ணீர்த் தூணின் எடையைப் பம்ப் ஒற்றைக்குத் தூக்க வேண்டும். வீட்டுப் பம்பின் உச்ச வேகத்திலேயே 5, 6 மீட்டர்தான். முதல் வேகத்தில் அந்தத் தூணை அசைக்காது.

அதற்கும் மசியாவிட்டால், அந்த ரேடியேட்டரின் வடிகுழாய்க்கும் சமையலறைக் குளிர்நீர்க் குழாய்க்கும் ஹோஸ் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கி, மெதுவாகத் திறந்து காற்றைத் தொட்டிப் பக்கம் தள்ளலாம். நடுவில் திரும்பா வால்வு (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுவது) இல்லாமல் செய்யக் கூடாது. கறுப்புத் தண்ணீர் குடிநீருக்குள் திரும்பிவிடும். பரணில் ஆள் நிற்க வேண்டும். முடிந்த கையோடு ஹோஸைக் கழற்றிவிட வேண்டும்.

வடக்கறை எழுதியது:

வேறு பிளம்பர் ஒருவரைப் பிடித்தோம், வியாழக்கிழமை வந்தார். இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். மாடும் முளையும் வந்த இடத்தில் என் ஆங்கிலம் தடுமாறியது, ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது.

வெட்டியெடுத்த டீ இப்போது என் மேசையில் இருக்கிறது. ஊட்டுக் குழாய்ப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. கறுப்பு, கரிச்சட்டியின் அடிபோல. நல்லூர்க் கோபுரம்கூட வெட்டிய முனையில் ஒட்டுகிறது.

தொட்டியின் அடியில் இரண்டு கைப்பிடி வண்டல். குளவியும் கிடைத்தது. பின்கட்டு ரேடியேட்டர், குறட்டைப் பூனை சொன்னபடியே கல்லாக நின்றது. சுற்றுகளை எழுதிவைத்து, மற்றவற்றை மூடி, பம்பை 3இல் விட்டோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. ஹோஸைத் தேடி நான் தோட்டத்துக் கொட்டகைக்குப் போன நேரத்தில் ஏப்பம் விட்டதாம்.

நிரப்பி இன்றோடு 19 நாள். சுழி விழுந்தது 1ஆம் நாள், 2ஆம் நாள், 5ஆம் நாள், 12ஆம் நாள். கடைசி முறை சாவியைத் திருப்பியதும் தண்ணீர்தான் வந்தது, தெளிவாக, ஆகவே அதைப் பாதிச் சுழியாகப் போட்டேன். அம்மா மின்சார ரேடியேட்டரைத் திருப்பிக் கொடுக்க மறுக்கிறார். சுவர் இப்போது அமைதியாக இருப்பதால் தூக்கம் வரவில்லையாம்.

கம்பளத்தில் உள்ள கறுப்பு வட்டம் மட்டும் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், மங்கியது. யாருக்காவது வழி தெரியுமா?